ஓஎஸ் போடும்போது எங்கே மாட்டிக்கொள்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி புதிய ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போடுவது பற்றித்தான். நான் கடை வைத்திருப்பவன் இல்லை. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், அவர்கள் பிள்ளைகளின் சிநேகிதர்கள் என்று யாருடைய லேப்டாப் படுத்தாலும் கடைசியில் என் மேசைக்கு வந்துவிடும், அவ்வளவுதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. விண்டோஸ் 11, லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகிய மூன்றும் இதில் வரும்.

கேட்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். "போட்டேன், வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த இடத்தில் நின்றது என்று சொல்லுங்கள். பென் டிரைவிலிருந்து தொடங்கவே இல்லையா? தொடங்கியபின் டிஸ்க் தெரியவில்லையா? பாதி வழியில் நின்றதா? ரீஸ்டார்ட் ஆனபின் சிக்கலா? டெஸ்க்டாப் வந்த பிறகா? இது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. திரையில் வந்த எழுத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

தொடங்கும் முன் கட்டாயம் செய்ய வேண்டியது என்ன?

கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகல் எடுப்பது. "எல்லாம் டி டிரைவில்தான் இருக்கிறது, சி டிரைவை மட்டும்தானே அழிக்கப் போகிறோம்" என்று நினைக்க வேண்டாம். அந்த நினைப்பில் கல்யாணப் படங்களை இழந்தவர்களை எனக்குத் தெரியும். டி என்பது அதே டிஸ்கின் இன்னொரு துண்டு. இன்ஸ்டால் திரையில் சி, டி என்ற பெயர்களே பெரும்பாலும் இருக்காது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பழைய விண்டோஸ் கிளம்பவே இல்லை, எப்படி நகல் எடுப்பது என்று கேட்கிறீர்களா? உபுண்டு அல்லது மின்ட் பென் டிரைவைப் போட்டு, "நிறுவாமல் முயன்று பார்" என்ற வழியில் உள்ளே போங்கள். அதன் கோப்பு மேலாளரில் உங்கள் பழைய டிஸ்க் தெரியும். வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகி இழுத்துப் போட வேண்டியதுதான். விண்டோஸ் போடப் போகிறவர்களுக்குக்கூட இப்படி ஒரு லினக்ஸ் பென் டிரைவ் கையில் இருப்பது நல்லது.

இன்னொன்று, பிட்லாக்கர் சாவி, அதாவது விண்டோஸ் பூட்டிய டிஸ்கைத் திறக்கும் சாவி. 48 இலக்க எண். புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்திருந்தால், நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். அந்தக் கணக்கில் நுழைந்து, உங்கள் கருவிகளின் பட்டியலில் மீட்புச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைத்துவிட்டு வராதீர்கள். வந்திருக்கிறார்கள்.

என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஓடுமா?

மைக்ரோசாஃப்ட் கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், யுஇஎஃப்ஐ (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் புதிய முறை), செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் தொடங்கவிடும்) வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், ஏறக்குறைய இன்டெல் 8ஆம் தலைமுறைக்குப் பிந்தைய பிராசசர். ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. டிபிஎம் இல்லை என்று வந்தாலும் உடனே கைவிட வேண்டாம். பல மதர்போர்டுகளில் அது இருக்கும், ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸுக்குள், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போதே விசை தட்டித் திறக்கும் அமைப்புத் திரைக்குள், இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள்.

ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவ் தயாரித்தால் இந்தச் சோதனைகளைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு பெட்டி வரும். அதை டிக் செய்தால் பழைய கம்ப்யூட்டரிலும் ஏறிவிடும். ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கோர் 2 டுவோ காலத்து இயந்திரங்களில் எந்தப் பெட்டியை டிக் செய்தாலும் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு கிளம்பாது. அதற்குத் தேவையான ஒரு பிராசசர் கட்டளையே அவற்றில் கிடையாது.

என் கருத்தைக் கேட்டால், 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்கும் உள்ள இயந்திரத்தில் விண்டோஸ் 11 போடுவது நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் தண்டனை. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த இயந்திரங்கள் இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றுக்கு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் போதும் என்கிறார்கள். 4 இருந்தால் நிம்மதி. ஹார்ட் டிஸ்குக்குப் பதில் சுழலாத, வேகமான ஒரு சின்ன எஸ்எஸ்டி மாற்றிவிட்டால் அதே லேப்டாப்பா என்று கேட்பீர்கள். விண்டோஸ் 10ஐ விட மனமில்லாதவர்கள், மைக்ரோசாஃப்ட் தரும் நீட்டிப்பில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.

ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் காப்பி செய்தேன். ஆனால் அதிலிருந்து தொடங்கவில்லையே?

தொடங்காது. ஐஎஸ்ஓ என்பது ஓஎஸ்ஸின் இன்ஸ்டால் கோப்புகளை எல்லாம் மூட்டை கட்டிய பொட்டலம். பொட்டலத்தை அப்படியே உள்ளே வைத்தால் கம்ப்யூட்டருக்கு அது இன்னொரு கோப்பு மட்டுமே. அதைப் பிரித்து, பூட் ஆகும் விதத்தில், அதாவது கம்ப்யூட்டர் அதிலிருந்தே தொடங்கும் விதத்தில், எழுத வேண்டும். விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் போதும், 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும். லினக்ஸுக்கு ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர். எதில் செய்தாலும் பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் போய்விடும்.

கையால் பிரித்துப் போட முயல்பவர்கள் ஒரு சுவரில் முட்டிக்கொள்வார்கள். யுஇஎஃப்ஐ இயல்பாகப் படிப்பது ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவை. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை வைக்க முடியாது. விண்டோஸ் ஐஎஸ்ஓவில் உள்ள முக்கியக் கோப்பு பல நேரங்களில் அதைத் தாண்டிவிடுகிறது. ரூஃபஸ் இதற்கு ஒரு சுற்றுவழி வைத்திருக்கிறது. அதனால்தான் அதையே சொல்கிறேன்.

பென் டிரைவே போலியாகவும் இருக்கலாம். பஸ் ஸ்டாண்ட் எதிரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 64 ஜிபி என எழுதியிருந்த ஒன்றை வாங்கினேன். உண்மையில் 8 ஜிபிதான் இருந்தது. மீதியெல்லாம் எழுதியதுபோலக் காட்டிவிட்டு விழுங்கிவிடும். மூன்று இன்ஸ்டால் வீணானபிறகே பென் டிரைவைச் சந்தேகப்பட்டேன்.

பென் டிரைவ் தயார். ஆனாலும் பழைய விண்டோஸே வந்து நிற்கிறதே?

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்குள் போகவில்லை என்று அர்த்தம். பவர் பொத்தானை அழுத்திய உடனே, அதற்கான விசையை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12. எச்பியில் எஃப்9. ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். எம்எஸ்ஐ மதர்போர்டில் எஃப்11, கிகாபைட்டில் எஃப்12. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அது அணைக்கப்பட்டிருக்கும். முதலில் எஃப்2 வழியாகப் பயாஸுக்குப் போய் அதை இயக்கிவிட்டு வர வேண்டும். சில லெனோவோ லேப்டாப்களில் ஓரத்தில் ஊசித் துளை அளவுக்கு ஒரு பொத்தான் இருக்கும். அணைத்த நிலையில் அதைக் குத்தினால் மெனு வரும்.

எவ்வளவு தட்டியும் வரவில்லையா? விண்டோஸ் இன்னும் ஓடுகிறது என்றால் சுலபமான வழி உண்டு. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். நீலத் திரையில் ஒரு கருவியைப் பயன்படுத்து என்ற தேர்வு வரும், அதில் பென் டிரைவைக் காட்டுங்கள்.

மெனுவில் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை தெரியலாம், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருக்கும். புதிய இயந்திரம் என்றால் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரே தெரியவில்லை என்றால் வேறு துளையில் செருகிப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் முன்பக்கத் துளையை நம்பாதீர்கள், பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் போடுங்கள்.

விண்டோஸ் இன்ஸ்டால் தொடங்குகிறது. "எங்கே நிறுவ வேண்டும்" என்ற பட்டியல் மட்டும் காலியாக இருக்கிறது. எஸ்எஸ்டி போய்விட்டதா?

பெரும்பாலும் போகவில்லை. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் லேப்டாப்களில் இது அன்றாடம் நடக்கிறது. அவற்றில் எஸ்எஸ்டி நேரடியாக இல்லாமல், விஎம்டி என்ற இன்டெல் ஏற்பாட்டின் பின்னால் இருக்கும். அதைத் திறக்கும் டிரைவர் (சாதனத்தை ஓஎஸ்ஸோடு பேசவைக்கும் மென்பொருள்) விண்டோஸ் பென் டிரைவில் பல நேரம் இருப்பதில்லை. வீட்டுக்குள் ஆள் இருக்கிறார், கதவைத் தட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பயாஸுக்குள் போய் எஸ்எஸ்டியின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சாதனம் நன்றாகவே இருக்கிறது. இனி இரண்டு வழி.

ஒன்று, டிரைவரைக் கொடுப்பது. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, ஸ்டோரேஜ் என்ற பகுதியில் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்குங்கள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இறக்கிய கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டால் இன்ஸ்டால் திரைக்கு அது புரியாது. அதைப் பிரித்தெடுக்க வேண்டும். ஓடவிட்டால் சில நேரம் "நிறுவு" என்பதோடு "பிரித்தெடு" என்றும் கேட்கும், இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். கேட்கவில்லை என்றால் 7-ஜிப் என்ற மென்பொருளில் பிரிக்கலாம். உள்ளே விஎம்டி என்ற பெயர் கொண்ட ஃபோல்டர் இருக்கும். அதைப் பென் டிரைவில் போட்டு, காலிப் பட்டியல் திரையில் லோட் டிரைவர் என்பதைச் சொடுக்கி, அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். நான்கைந்து வரிகள் வந்தால் விஎம்டி என்று இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிடத்தில் எஸ்எஸ்டி பட்டியலில் வந்து உட்காரும்.

மற்றது, பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவது. வேகமான வழிதான். ஆனால் பழைய விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் இன்னொன்றைப் போடுபவர்கள் இதைச் செய்யக் கூடாது. பழைய விண்டோஸ் அடுத்த முறை நீலத் திரையில் விழுந்துவிடும். திரும்ப இயக்கினால் சரியாகும் என்றாலும், அந்த ஐந்து நிமிடப் பதற்றம் தேவையில்லாதது. டிஸ்கை முழுக்க அழித்துப் புதிதாகப் போடுபவர்கள் தாராளமாக அணைக்கலாம்.

பயாஸிலேயே எஸ்எஸ்டியின் பெயர் இல்லை என்றால் கதை வேறு. கழற்றி மாட்டிப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். நான் பார்த்தவரை பத்து ரூபாய்ச் சாமான் மாதிரித் தெரியும் அந்தக் கேபிள்தான் பல டிஸ்குகளுக்கு "செத்துவிட்டது" என்ற பட்டம் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

டிஸ்க் தெரிகிறது. ஆனால் ஜிபிடி, எம்பிஆர் என்று ஏதோ சொல்லி, இதில் நிறுவ முடியாது என்கிறதே?

டிஸ்கில் இடம் பிரிக்கும் முறைகள் இரண்டு. எம்பிஆர் பழையது. 2 டெராபைட்டுக்கு மேல் கையாளாது, நான்கு முதன்மைப் பார்ட்டிஷன் (டிஸ்கின் துண்டு)தான். ஜிபிடி புதியது. பென் டிரைவ் யுஇஎஃப்ஐ முறையில் தொடங்கினால் விண்டோஸ் ஜிபிடி டிஸ்கைக் கேட்கும், பழைய முறையில் தொடங்கினால் எம்பிஆரைக் கேட்கும். இரண்டும் பொருந்தாதபோது இந்தச் செய்தி வருகிறது.

டிஸ்க் ஜிபிடி, செய்தியும் அதைத்தான் குறை சொல்கிறது என்றால், நீங்கள் பென் டிரைவைப் பழைய முறையில் தொடங்கிவிட்டீர்கள். வெளியே வந்து பூட் மெனுவில் யுஇஎஃப்ஐ என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும். எதையும் அழிக்கத் தேவையில்லை.

டிஸ்க் எம்பிஆர் என்றால், அதில் காப்பாற்ற எதுவும் இல்லை என்ற உறுதி இருந்தால் மட்டும் அடுத்த வேலை. இன்ஸ்டால் திரையில் ஷிஃப்டோடு எஃப்10 அழுத்துங்கள், கறுப்பு ஜன்னல் வரும். டிஸ்க்பார்ட் (diskpart) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர். பிறகு லிஸ்ட் டிஸ்க். வரும் பட்டியலில் அளவைப் பார்த்து எண்ணை உறுதி செய்யுங்கள். செலக்ட் டிஸ்க் என்று தட்டி அந்த எண், அடுத்து கிளீன், அடுத்து கன்வர்ட் ஜிபிடி. கிளீன் தட்டும் முன் ஒரு மூச்சு விட்டு எண்ணை மறுபடி பாருங்கள். அது "உறுதியாகவா?" என்று கேட்காது. ஒரு நொடியில் டிஸ்க் முழுதும் காலி.

பட்டியலில் ஐந்தாறு பார்ட்டிஷன் இருக்கிறது. எதை அழிப்பது?

சி, டி என்ற எழுத்துகள் இருக்காது, அளவுதான் அடையாளம். அதனால் தொடங்கும் முன்பே பழைய விண்டோஸில் சி எவ்வளவு, டி எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். 100 எம்பி அளவில் சிஸ்டம் என்று இருப்பது பூட் ஆவதற்கான இஎஃப்ஐ பார்ட்டிஷன். சில நூறு எம்பியில் ரெகவரி. சி அளவுக்கு இருப்பதை மட்டும் அழித்து, கிடைக்கும் காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இரண்டு டிஸ்க் உள்ள டெஸ்க்டாப் என்றால், ஓஎஸ் போகாத டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். தவறி அழிக்கும் பயம் இல்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விண்டோஸ் சில சமயம் தன்னைப் புதிய எஸ்எஸ்டியில் போட்டுக்கொண்டு, பூட் கோப்புகளைப் பழைய ஹார்ட் டிஸ்கில் ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் வைத்துவிடும். ஆறு மாதம் ஒன்றும் தெரியாது. பழைய டிஸ்கைக் கழற்றும் அன்று கம்ப்யூட்டர் கிளம்பாது.

பாதி வழியில் நின்றுவிடுகிறது. சில நேரம் 80070570 என்று முடியும் பிழை எண் வருகிறது. என்ன காரணம்?

அந்த எண்ணுக்கு "கோப்பு பழுதாகியிருக்கிறது, படிக்க முடியவில்லை" என்று பொருள். எங்கே பழுதானது என்பதுதான் கேள்வி. நான் வைத்திருக்கும் கணக்கு இது. இரண்டு முறை ஓடவிடுங்கள். இரண்டு முறையும் அதே சதவீதத்தில் நின்றால் பென் டிரைவையோ ஐஎஸ்ஓவையோ சந்தேகப்படுங்கள். ஒருமுறை 37இல், மறுமுறை 62இல் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தால் ரேம், சூடு அல்லது சாகப்போகும் டிஸ்க்.

ஐஎஸ்ஓவைச் சரிபார்ப்பது எளிது. இறக்கிய பக்கத்திலேயே ஷா256 என்ற 64 எழுத்து நீளமுள்ள ஒரு கோவை கொடுத்திருப்பார்கள். உங்களிடம் உள்ள கோப்புக்கு அதே கோவை வருகிறதா என்று ரூஃபஸிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பு குப்பை. மொபைல் டேட்டாவில் இரவெல்லாம் விட்டுவிட்டு இறக்கியதில் இப்படி அடிக்கடி ஆகிறது.

ரேம் என்றால், சார்ஜரையும் முடிந்தால் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ரேமை வெளியே எடுத்து அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டுங்கள். சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டி இன்ஸ்டால் செய்து பாருங்கள். நம்பிக்கை வரவில்லை என்றால் மெம்டெஸ்ட்86+ஐ பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரு வரி வந்தாலும் அந்த ரேம் வேண்டாம்.

என் அக்கா மகனின் லேப்டாப் ஒன்று நான்கு நாள் என்னைப் படுத்தியது. பென் டிரைவ் மாற்றினேன், ஐஎஸ்ஓ மாற்றினேன், ரேமைத் துடைத்தேன். ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் நின்றது. ஐந்தாவது நாள் லினக்ஸ் பென் டிரைவில் போய், டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஹார்ட் டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பை, பார்த்தேன். மோசமான செக்டார்கள் நூற்றுக்கணக்கில். காதை வைத்துக் கேட்டால் டக், டக் என்ற சத்தம்கூட இருந்தது. முதல் நாளே காது கொடுத்திருக்கலாம்.

பூஜ்யத்திலேயே அரை மணி நேரமாக நிற்கிறது. அணைத்துவிடலாமா?

ஹார்ட் டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். பழைய பென் டிரைவ் என்றால் நேரம் ஆகத்தான் செய்யும். விளக்கும் அசையவில்லை, மவுஸ் அம்பும் அசையவில்லை என்றால் அணைக்கலாம். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். டெஸ்க்டாப் என்றால், உங்கள் பகுதியில் கரன்ட் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும்.

ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி முதல் திரையே வருகிறதே?

பென் டிரைவைப் பிடுங்குங்கள். கோப்புகளைக் காப்பி செய்துவிட்டு முதல் முறை ரீஸ்டார்ட் ஆகும்போது டிஸ்கிலிருந்து தொடங்க வேண்டும். பென் டிரைவ் முன்னால் நிற்பதால் திரும்ப அதிலிருந்தே தொடங்குகிறது. மூன்று முறை இப்படிச் சுற்றிவிட்டு எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு.

வைஃபையே காட்டவில்லை. இணையம் இல்லாமல் விண்டோஸ் 11 அடுத்த திரைக்குப் போகவும் மாட்டேன் என்கிறது?

போனை எடுங்கள். ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். பெரும்பாலும் டிரைவர் எதுவும் இல்லாமலே இணையம் வந்துவிடும். லினக்ஸிலும் இதே வழிதான். இணையம் வந்தபின் வைஃபை டிரைவரைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். உபுண்டுவிலும் மின்டிலும் கூடுதல் டிரைவர்கள் என்ற செயலியில் பாருங்கள். பழைய பிராட்காம் வைஃபை அட்டைகளுக்கு அங்கேதான் மருந்து. கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுகிறது, டெதரிங் தெரியவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். சில கேபிள்களில் டேட்டா கம்பியே கிடையாது.

லினக்ஸ் பென் டிரைவ் தொடங்கியதும் திரை கறுப்பாகிவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் என்விடியா கிராஃபிக்ஸ் அட்டையாக இருக்கும். முதல் மெனுவிலேயே உபுண்டுவில் பாதுகாப்பான கிராஃபிக்ஸ் என்றும், மின்டில் இணக்க முறை என்றும் பொருள்படும் வரி ஒன்று உண்டு. அதில் போங்கள். நிறுவி முடித்தபின் கூடுதல் டிரைவர்கள் வழியாக என்விடியாவின் டிரைவரைப் போட்டுவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

விண்டோஸும் லினக்ஸும் சேர்த்துப் போட்டேன். நேராக விண்டோஸே வருகிறது. லினக்ஸ் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். உபுண்டு என்ற பெயர் இரண்டாவதாக இருக்கும், மேலே தூக்கிவிடுங்கள். மின்டும் அங்கே உபுண்டு என்றே தெரியும். இரண்டும் போடுவதானால் எப்போதும் விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. தலைகீழாகச் செய்தால் விண்டோஸ் தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளும்.

இன்னொரு விதம் உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, இரண்டும் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் தொடங்கவில்லை. எஸ்பாட் சரிபார்ப்பு தோற்றது, ஏதோ பெரிய தவறு நேர்ந்துவிட்டது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. பழைய பூட் கோப்புகளைச் செக்யூர் பூட் ஏற்க மறுத்ததுதான் காரணம். பழைய ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு போடுபவர்களுக்கு இன்றும் இது வரலாம். புதிய ஐஎஸ்ஓவை இறக்குங்கள். ஏற்கெனவே நிறுவியது என்றால், செக்யூர் பூட்டை அணைத்து லினக்ஸுக்குள் போய் முழு அப்டேட் செய்துவிட்டுத் திரும்ப இயக்குங்கள். பிட்லாக்கர் இருந்தால் செக்யூர் பூட்டில் கை வைக்கும் முன் அதை விண்டோஸிலிருந்து தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் அந்த 48 இலக்கத்தைக் கேட்டு நிற்கும். செக்யூர் பூட்டைப் பழையபடி வைத்தும் கேட்டால், சாவி இல்லாமல் அந்தத் திரையைத் தாண்ட வழி இல்லை. யாராவது தாண்டித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

விண்டோஸில் நேரம் தப்பாகக் காட்டுகிறது. லினக்ஸில் சரியாக இருக்கிறது?

சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறதா? மாலை 4 மணிக்குக் காலை 10.30 என்று? அப்படியானால் எதுவும் பழுதில்லை. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படித்துவிடுகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் ஐந்தரை மணி நேரம் இடிக்கும். சிங்கப்பூர், மலேசியா என்றால் எட்டு மணி நேரம். லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையைக் கொண்டு கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லிவிடலாம்.

கண்டபடி 2010, 2015 என்று பழைய தேதிக்கு ஓடுகிறதா? அது வேறு. மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் இணையத்தளங்களே திறக்காது, அப்டேட்டும் தோற்கும். ஓஎஸ்ஸைத் திட்டுவதற்கு முன் பேட்டரியை மாற்றுங்கள்.

புதிதாகப் போட்டேன். ஆக்டிவேஷன் கேட்கிறது. லேப்டாப்போடு வந்த விண்டோஸ்தானே?

எந்தப் பதிப்பு போட்டீர்கள் என்று பாருங்கள். நம் ஊர் லேப்டாப்கள் பலவற்றில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்புதான் வரும். அதன் சாவி மதர்போர்டிலேயே இருக்கும். நண்பர் கொடுத்தார் என்று புரோ போட்டால் அந்தச் சாவி செல்லாது. சரியான பதிப்பைப் போட்டு இணையத்தை இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். யாரோ தரும் ஆக்டிவேட்டர் மென்பொருளை ஓடவிடாதீர்கள். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் மென்பொருள் நல்லது செய்ய வராது.

தவறான பார்ட்டிஷனை அழித்துவிட்டேன். படங்கள் கிடைக்குமா?

இப்போதே நிறுத்துங்கள். அந்த டிஸ்கில் இனி ஒரு எழுத்துகூட எழுதப்படக் கூடாது. கம்ப்யூட்டரை அணைத்து, டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, டெஸ்ட்டிஸ்க் அல்லது ஃபோட்டோரெக் கொண்டு தேடுங்கள். இரண்டும் இலவசம். மீட்ட கோப்புகளை அதே டிஸ்கில் சேமிக்காதீர்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் நல்ல வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் டிரிம் என்ற வேலை ஓடிவிட்டால் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும், பிறகு பெரும்பாலும் கிடைக்காது. இதை நேரில் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்ய என்ன போட வேண்டும்?

விண்டோஸ் 11இல் தனியாக எதுவும் வேண்டாம். மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகையில் தமிழ் 99ஐத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் ஐபஸ் எம்17என் பொதியை நிறுவினால் தமிழ் 99, ஒலிபெயர்ப்பு இரண்டும் வரும். எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போடுங்கள்.

எல்லாம் முடிந்தது. ஆனால் 32 ஜிபி பென் டிரைவ் இப்போது சில எம்பி மட்டுமே காட்டுகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. லினக்ஸ் எழுதியதில் விண்டோஸுக்குப் புரியும் ஒரு சின்னத் துண்டை மட்டும் அது காட்டுகிறது. ரூஃபஸைத் திறந்து, பூட் ஆகாத வகையைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் செய்தால் முழு அளவும் திரும்பிவிடும். ஆனால் ஒரு வாரம் பொறுங்கள். புது ஓஎஸ் பழகும்வரை அந்தப் பென் டிரைவ் அப்படியே இருக்கட்டும். மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டி, என்ன ஓஎஸ், எந்தத் தேதி என்று எழுதி மேசை டிராயரில் போட்டுவையுங்கள். என் டிராயரில் அப்படி ஏழு கிடக்கின்றன. ஒன்றில் எழுத்து அழிந்துவிட்டதால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது.